நகரத்துக்குச் சொந்தமான மின்சாரம், தண்ணீர்: நிர்வாகத்தை யார் கையில் கொடுப்பது?

மின்சாரமும் குடிநீரும் நகரத்துக்கே சொந்தம் என்றால் முதலாளி அந்த ஊர் மக்கள்தான். ஆனால் கட்டணத்தை உயர்த்துவதா, புது மின்நிலையத்துக்குக் கடன் வாங்குவதா, பொது மேலாளராக யாரை வைப்பது என்பதையெல்லாம் ஊரே கூடி முடிவு செய்ய முடியாது. ஐந்து பேரோ ஏழு பேரோ ஒன்பது பேரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். அந்த மேசைக்கு யாரை அனுப்புவது என்பதற்குச் சில வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று பார்த்துவிட்டு, நான் எதன் பக்கம் நிற்கிறேன் என்பதையும் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வரும். அங்கே உள்ளூர் அரசுகளுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் ஏறத்தாழ 2,000 இருக்கின்றன; மின் நுகர்வோரில் ஏழில் ஒருவர் அவற்றிடம்தான் மின்சாரம் வாங்குகிறார். தனியார் மின் கம்பெனி கட்டணத்தைக் கூட்ட நினைத்தால் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் கணக்கோடு போய் நிற்க வேண்டும். நகர நிறுவனத்துக்கு விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்களைத் தவிர வேறெங்கும் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளூர் வாரியம் சரி என்றால் சரி, அவ்வளவுதான். மேலே கேட்க ஆள் இல்லாத இடத்தில் வாரியத்தின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அயோவா மாநிலச் சட்டம் இந்தத் தேர்வை வாக்காளர்களிடமே விட்டிருக்கிறது. நகர மன்றமே நடத்தட்டுமா, தனி வாரியத்திடம் ஒப்படைக்கலாமா என்று வாக்கெடுப்பில் கேட்கிறார்கள். தனி வாரியம் என்று முடிவானால் மூன்று அல்லது ஐந்து பேர்; மேயர் நியமிப்பார், மன்றம் ஒப்புதல் தரும், பதவிக்காலம் ஆறு ஆண்டு. அப்படியொரு வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மன்றமே வாரியமாக இருப்பது

இருப்பதிலேயே எளிய ஏற்பாடு இதுதான். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் மின் நிறுவனத்துக்கு நகர மன்றமே தலைமை. தனியாக ஒரு குழு இருந்தாலும் அது ஆலோசனை சொல்வதோடு சரி. கொலராடோ ஸ்பிரிங்ஸில் மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேரும் அப்படியே மின்சார, குடிநீர் வாரியமாகவும் உட்காருகிறார்கள். சியாட்டிலில் மின்சாரம் நகர அரசின் ஒரு துறை.

பில் ஏறினால் யாரைக் கேட்பது என்பதில் இங்கே குழப்பமே கிடையாது. வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தவர்தான் கட்டணத்துக்கும் கையைத் தூக்கியிருப்பார். இந்த நேரடிப் பொறுப்பின் அருமை தெரிய வேண்டுமென்றால் சியாட்டிலின் கதையைப் பார்க்க வேண்டும்.

1970களில் வாஷிங்டன் மாநிலத்தின் பொதுத்துறை மின் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டக் கிளம்பின. மின்தேவை ஆண்டுக்கு ஆண்டு தாவி ஏறிக்கொண்டே போகும் என்பது அன்றைய நம்பிக்கை. நான்காவது, ஐந்தாவது நிலையங்களில் பங்கு எடுக்க வேண்டும் என்று சியாட்டிலின் சொந்த மின்துறையே விரும்பியது. மன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வருங்காலத் தேவை உண்மையில் எவ்வளவு என்று தனியாக ஓர் ஆய்வு நடந்தது. குடிமக்கள் குழு ஒன்று அதைக் கூடவே இருந்து கவனித்தது. துறை சொன்ன வேகத்தில் தேவை வளராது, மின்சாரத்தைச் சேமிப்பதே மலிவு என்று ஆய்வு சொன்னது. 1976 ஜூலையில் மன்றம் பங்கெடுக்க மறுத்தது. மற்ற 88 நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. செலவு கட்டுக்கடங்காமல் போய், 1982 தொடக்கத்தில் அந்த இரண்டு நிலையங்களும் பாதியில் நின்றன. 1983இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் திருப்பிக் கட்டப்படாமல் போயின; அமெரிக்க உள்ளாட்சிப் பத்திர வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு வீழ்ச்சி நடந்ததில்லை.

கையெழுத்துப் போட்ட 88இல் தேர்தலில் வென்ற வாரியங்கள் இருந்தன, நியமன வாரியங்கள் இருந்தன, கூட்டுறவுகள் இருந்தன. எல்லா வகையும் ஏமாந்தன. சியாட்டிலைக் காப்பாற்றியது அது மன்ற ஆட்சி என்பதல்ல. நிர்வாகம் நீட்டிய எண்ணை வெளியாள் ஒருவரை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதுதான். எந்த அமைப்பை எடைபோடும்போதும் நான் முதலில் தேடுவது இதையே.

மன்ற ஆட்சிக்கு நோய்களும் உண்டு. கட்டண உயர்வை இந்த ஆண்டு வேண்டாம், தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது முதல் நோய். தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் பழைய குழாய் இன்னும் ஓராண்டு பழசாகிறது. நேரமின்மை இன்னொன்று: காவல்துறை, சாலை, கட்டட அனுமதி, பூங்கா என்று நாள் முழுக்கப் பேசிக் களைத்தவர்கள் கடைசியில் மின்மாற்றிக் கொள்முதலை எடுப்பார்கள். அதில் கேள்வி கேட்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

இவற்றைவிடப் பெரியது உபரி. மின் நிறுவனம் சம்பாதிப்பதில் ஒரு பகுதி நகரத்தின் பொது நிதிக்குப் போவது பல இடங்களில் உள்ள வழக்கம். வரிக்கு ஈடாக அதைக் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பொது நிதியில் துண்டு விழும்போது, வரியை உயர்த்தி வாக்கை இழப்பதைவிட மின்கட்டணத்துக்குள் அதை ஒளித்து வைப்பது சுலபம். இரண்டு கல்லாவும் ஒரே கையில் இருந்தால் அந்தச் சபலத்தைத் தடுக்க யாரும் இல்லை. எதிர்த்திசையிலும் இது கடிக்கும். 1978 டிசம்பரில் கிளீவ்லேண்ட் நகரம் உள்ளூர் வங்கிகளிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, நகர மின் நிறுவனத்தைப் போட்டித் தனியார் கம்பெனிக்கு விற்றுவிட வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. மேயர் டென்னிஸ் குசினிச் மறுத்தார். நகரம் கடன் தவறியது. அடுத்த பிப்ரவரியில் மக்கள் வருமான வரி உயர்வை ஏற்றுக்கொண்டு மின் நிறுவனத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் நகரத்தின் பொதுக்கடனுக்கு மின் நிறுவனம் பணயமாக நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லைக்கு வெளியே இருப்பவர்களின் நிலையும் இருக்கிறது. மின்கம்பி நகர எல்லையோடு நின்றுவிடுவதில்லை, வாக்குரிமை நின்றுவிடும். 2012இல் ஆஸ்டின் கட்டணத்தைக் கூட்டியபோது, நகரத்துக்கு வெளியே வசித்த நுகர்வோர் கையெழுத்துத் திரட்டி மாநில ஆணையத்துக்குப் போனார்கள். டெக்சாஸ் சட்டம் அந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 2013இல் சமரசம் ஆயிற்று. அப்படிக் கதவு இல்லாத ஊரில் அந்தக் கோபம் வேறு வழியில் வெளிவரும். அதைப் பின்னால் வரும் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரக் கதையில் பார்க்கலாம்.

நியமன வாரியம்

மேயரோ மன்றமோ சேர்ந்தோ நியமிக்கும் தனி வாரியம்தான் பெரிய நகரங்களில் அதிகம் தென்படுகிறது. ஐந்து முதல் ஏழு பேர், நீண்ட பதவிக்காலம், எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி ஆண்டுக்கு ஒருவர் மாறுவது என்பது இதன் வழக்கமான வடிவம். பொறியாளர், கணக்காளர், வழக்கறிஞர் என்று தேவையறிந்து ஆள் போடலாம். சான் பிரான்சிஸ்கோவில் 2008இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட திருத்தம் இதை விதியாகவே ஆக்கியது: சுற்றுச்சூழல் அறிந்தவருக்கு ஓர் இடம், நுகர்வோர் தரப்புக்கு ஓர் இடம், திட்ட நிதி தெரிந்தவருக்கு ஓர் இடம், நீரமைப்பு தெரிந்தவருக்கு ஓர் இடம் என்று நாற்காலிக்கு நாற்காலி தகுதியைப் பிரித்து எழுதினார்கள்.

நீண்டகால வேலையில் இந்த அமைப்பின் பலம் தெரியும். டென்னசியின் சட்டனூகாவில் மேயர் நியமித்து மன்றம் ஒப்பும் ஐந்து பேர் வாரியம் 1935 முதல் இருக்கிறது. மின்வலையைத் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி மாற்ற ஊர் முழுக்கக் கண்ணாடியிழைக் கேபிள் போட முடிவெடுத்தார்கள். 11.1 கோடி டாலர் மத்திய மானியமும் கிடைத்தது. அதே கேபிளில் 2010இல் வீடுதோறும் நொடிக்கு ஒரு கிகாபிட் இணையம் தர முன்வந்தார்கள். அப்போது அமெரிக்காவில் வேறெந்த ஊரும் முழு நகரத்துக்கும் அப்படித் தரவில்லை. இரண்டாண்டில் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்ட வேலையில் துணிந்து கை வைப்பது அரிது.

ஆனால் நியமனம் என்றதும் அரசியல் விலகிவிடும் என்று நம்புபவர்கள் லாஸ் ஏஞ்சலஸைப் பார்க்கட்டும். அங்கே மின்சார, நீர் வாரியத்தின் ஐந்து ஆணையர்களை மேயர் நியமிக்கிறார், மன்றம் உறுதி செய்கிறது. கட்டணத்துக்கு மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். 2010 ஏப்ரலில் வாரியம் கேட்ட கட்டண உயர்வை மன்றம் ஏற்கவில்லை. பதிலுக்குப் பொது நிதிக்குத் தர வேண்டிய 7.35 கோடி டாலரைத் தர முடியாது என்று மின் நிறுவனம் கைவிரித்தது. சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று நகரக் கணக்குத் தலைவர் எச்சரித்தார். வாரத்தில் இரண்டு நாள் நகர அலுவலகங்களை மூட வேண்டியிருக்கும் என்று மேயர் சொன்னார். நூலகம், பூங்கா ஊழியரின் சம்பளம் மின்கட்டணச் சண்டையில் மாட்டிக்கொண்டது! உபரிக்குத் தெளிவான விதி இல்லாவிட்டால் எந்த வாரியமும் இந்தச் சிக்கலில் விழும்.

அடுத்த ஆண்டு, 2011 மார்ச்சில், அந்நகர வாக்காளர்கள் நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்தி, கட்டணத்தைத் தனியாக ஆராய்ந்து நுகர்வோர் சார்பில் கருத்துச் சொல்லும் அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் அந்த அலுவலகத்தின் வேலை கட்டணத்தைப் பற்றியது. 2013இல் வந்த புதிய பில் மென்பொருள் தாறுமாறான பில்களை அனுப்பியதும், அதையொட்டிய வழக்குகளும், 2017இல் போட்டி டெண்டர் இல்லாமல் வாரியம் ஒப்புதல் தந்த 3 கோடி டாலர் ஒப்பந்தமும் தனிக் கதை. அதில் பொது மேலாளராக இருந்தவர் லஞ்சத்தை ஒப்புக்கொண்டு 2022இல் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். கட்டணத்துக்குக் காவல் போட்டால் போதாது, ஒப்பந்தங்களுக்கும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஜாக்சன்வில் நகரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நியமன வாரியம் எப்படிக் கவிழும் என்பது அங்கே படிப்படியாகத் தெரிகிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் நகரத்துக்குச் சொந்தம். ஏழு பேர் வாரியம். ஏழு பேரையும் மேயர்தான் நியமித்தார், மன்றம் உறுதி செய்தது. 2018 நவம்பரில் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில், விற்பது பற்றிய பேச்சு வந்தால் எங்களைக் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்று பத்தில் ஏழு பேருக்கு மேல் சொன்னார்கள். அதற்குப் பின் 2019 ஜூலையில், நிறுவனத்தை விற்கும் வாய்ப்பை ஆராய வாரியம் அனுமதி கொடுத்தது. அதே கூட்டத்தில் ஊழியர் ஊக்கத் திட்டம் ஒன்றும் மேசைக்கு வந்தது. பத்து டாலர் கொடுத்து ஓர் அலகு வாங்கலாம்; நிறுவனத்தின் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் அந்த அலகுக்குப் பணம் கிடைக்கும். கேட்பதற்குச் சாதாரணம். விற்பனையில் வரும் பணமும் அந்த மதிப்பில் சேரும் என்பதுதான் உள்ளே இருந்த விஷயம். வாரியம் இதற்கும் தலையாட்டியது.

நவம்பரில் நகர மன்றத்தின் தணிக்கையாளர் அலுவலகம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தது. நல்ல விலைக்கு விற்றால் அந்தப் பத்து டாலர் அலகுகளுக்குப் பல கோடிக்கணக்கான டாலர் போகும் என்று தெரிந்தது. ஊர் கொதித்தது. டிசம்பரில் விற்பனை முயற்சி நின்றது. 2020 தொடக்கத்தில் வாரிய உறுப்பினர்கள் விலகினார்கள். தலைமை அதிகாரியாக இருந்தவர் 2024இல் சதி, மோசடிக் குற்றங்களுக்காக நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2020 நவம்பரில் வாக்காளர்கள் சாசனத்தைத் திருத்தி, ஏழில் நான்கு இடங்களை நிரப்பும் அதிகாரத்தை மன்றத்துக்கு மாற்றினார்கள்.

வாரியத்தில் இருந்தவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள். கையில் இருந்த காகிதம் முழுக்க நிர்வாகம் தயாரித்தது. மாதம் ஒருமுறை கூடுபவர்களுக்குச் சொந்தமாகக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. வாரியத்துக்கு வெளியே, மன்றத்துக்குப் பதில் சொல்லும் ஒரு தணிக்கையாளர் இருந்ததால்தான் ஊர் பிழைத்தது.

நியமனத்திலேயே இன்னொரு வகை உண்டு. சான் அன்டோனியோ மின் நிறுவனத்தை நகரம் 1942இல் வாங்கியபோது, கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று பத்திர ஆவணத்திலேயே வாரிய அமைப்பை எழுதிவிட்டார்கள். மேயர் பதவி வழியாக ஒருவர். மற்ற நால்வரும் நகரின் நான்கு பகுதிகளிலிருந்து. ஓர் இடம் காலியானால் வாரியமே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும், மன்றம் உறுதி செய்யும். மொத்த வருவாயில் 14 விழுக்காடு வரை நகரத்துக்குப் போகலாம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. உபரியில் இந்த வரம்பு மிக நல்லது. ஆனால் தன் வாரிசைத் தானே தேடும் வாரியத்தை யார் தட்டிக் கேட்பது? 2009 அக்டோபரில், புதிய அணு உலைகளுக்காக 40 கோடி டாலர் பத்திரத்துக்கு மன்றம் வாக்களிக்கச் சில நாட்களே இருந்தபோது, திட்டச் செலவு 400 கோடி டாலர் வரை கூடலாம் என்ற மதிப்பீடு நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருந்தது வெளியே வந்தது. வாக்கெடுப்பு நின்றது. வாரிய உறுப்பினர்கள் இருவர் விலக வேண்டும் என்று மேயர் ஹூலியன் காஸ்ட்ரோ கேட்டார். தலைவராக இருந்தவர் விலகினார், மற்றவர் மறுத்துவிட்டார். அவரை நீக்கும் அதிகாரம் மேயருக்கு இல்லை. பிறகு 2020-21இல் இந்த வாரியத்தையே கலைத்து மன்றத்திடம் கொடுக்கச் சொல்லி மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். போதிய கையெழுத்து சேரவில்லை.

தேர்தலில் வரும் வாரியம்

ஒமாஹாவின் மின் வாரியத்தில் எட்டு பேர், ஆறாண்டுக்காலம். சாக்ரமெண்டோவில் ஏழு பேர், தொகுதிக்கு ஒருவர், நான்காண்டுக்காலம். ஆரெகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் ஐந்து பேர். அங்கே நகர நிறுவனம் பிறந்ததே 1906இல் தனியார் தண்ணீரால் பரவிய டைஃபாய்டுக்குப் பிறகுதான். ஒமாஹா, சாக்ரமெண்டோ இரண்டும் நகர எல்லையைத் தாண்டிய தனி மாவட்டங்கள். இதுதான் இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது: மீட்டர் எங்கே இருக்கிறதோ அங்கே வாக்கும் இருக்கிறது.

சாக்ரமெண்டோவில் 1923இலேயே மக்கள் பொதுத்துறை மின்சாரம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். தனியார் கம்பெனியோடு நடந்த வழக்குகள் முடிந்து, 1946 கடைசி நாளில்தான் மின்சாரம் கைக்கு வந்தது. பின்னாளில் அவர்கள் கட்டிய ராஞ்சோ செக்கோ அணு உலை ஓடியதைவிட நின்றதே அதிகம் என்று சொல்லுமளவுக்குத் தொல்லை கொடுத்தது. கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 1989 ஜூன் 6ஆம் தேதி உலையை ஓட்டலாமா என்று மக்களையே கேட்டார்கள். வேண்டாம் என்ற தரப்பு சிறிய பெரும்பான்மையில் வென்றது. மறுநாளே உலை நிறுத்தப்பட்டது. மக்கள் சொல்லி ஒரு பெரிய உலை நின்றது தேர்தல் வாரியம் இருந்த ஊரில் என்பது தற்செயல் அல்ல என்பேன்.

அடுத்த ஆண்டு டேவிட் ஃப்ரீமன் பொது மேலாளராக வந்தார். மின்சாரச் சேமிப்பையே புதிய மின்நிலையம் போல நடத்தினார், வீடுகளைச் சுற்றி நிழல் மரம் நடுவதையும் நிறுவனத்தின் வேலையாக்கினார். அதே மனிதர் 1997இல் லாஸ் ஏஞ்சலஸின் நியமன வாரியத்துக்குக் கீழும் பொது மேலாளரானார். திறமையான மேலாளர் எந்த வாரியத்தின் கீழும் வேலை செய்வார். அவரைத் தேடிப் பிடித்து வர வாரியத்துக்கு அறிவும் துணிவும் இருக்க வேண்டும்.

குறைகள் தெரிந்தவைதான். நீண்ட வாக்குச்சீட்டின் அடியில் வரும் இந்தப் பெயர்களைப் பலரும் தெரியாமலே குறியிடுகிறார்கள். தேர்தல் தனித் தேதியில் நடந்தால் வருபவர்கள் மிகச் சிலர். ஒழுங்காக ஆள் திரட்டும் சிறு குழுவுக்கு அது போதும். சம்பளமில்லாத ஊரில் ஓய்வுபெற்றவர்களும் வசதி உள்ளவர்களும்தான் நிற்க முடியும். நிதி தெரிந்தவர் யாரும் வெல்லாமல் போகவும் கூடும்.

கம்பெனி வடிவமும் மேலிருந்து வரும் நியமனமும்

ஜெர்மானிய நகரங்களில் நகரமே நூறு விழுக்காடு பங்கு வைத்திருக்கும் கம்பெனி வழக்கமான ஏற்பாடு. மியூனிக்கின் நிறுவனம் 1998இல் இந்த வடிவத்துக்கு மாறியது. மேற்பார்வைக் குழுவுக்கு மேயர் தலைவர், ஊழியர் பிரதிநிதிகளும் உண்டு. வேகம் உண்டு, கம்பெனிச் சட்டத்தின் தணிக்கை உண்டு. ஆனால் மேற்பார்வைக் குழுவின் கூட்டம் மூடிய அறையில் நடக்கும். என்னளவில் அது பெரிய விலை.

பாரிஸின் ஏற்பாடு இதைவிட மனதுக்கு நெருக்கமானது. 2010 ஜனவரியில் நகரம் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்து ஒரு பொது நிறுவனத்தை அமைத்தது. அதன் நிர்வாகக் குழுவில் மன்ற உறுப்பினர்களோடு ஊழியரும், நுகர்வோர், சுற்றுச்சூழல் சங்கங்களின் ஆட்களும் உட்காருகிறார்கள். முதல் ஆண்டில் சுமார் 3.5 கோடி யூரோ மிச்சமானது. 2011இல் தண்ணீர்க் கட்டணத்தில் 8 விழுக்காடு குறைத்தார்கள். நுகர்வோரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காமல் மேசைக்கே கொண்டுவந்தது எங்கும் செய்யக்கூடியது.

மாநில அரசே ஆள் போடுவது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கெய்ன்ஸ்வில்லில் நகர ஆணையமே மின் நிறுவனத்தை நடத்தி வந்தது. 2009இல் மரக்கழிவு மின்நிலையம் ஒன்றோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அது கட்டுபடியாகாமல் 2017இல் ஏறத்தாழ 75 கோடி டாலர் கொடுத்து நிலையத்தையே வாங்கினார்கள். கடன் குவிந்தது, நகரத்துக்கு வெளியே இருந்த, வாக்கில்லாத நுகர்வோர் கொந்தளித்தார்கள். 2023இல் ஃபுளோரிடா சட்டமன்றம் நிறுவனத்தை நகரத்திடமிருந்து எடுத்து, ஆளுநர் நியமிக்கும் ஐந்து பேரிடம் கொடுத்தது. குறை உண்மையானது, மருந்து தவறானது. வாக்கில்லாத சிலருக்காக எல்லோருடைய வாக்கும் போயிற்று. 2024 நவம்பரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த அமைப்பு வேண்டாம் என்று வாக்களித்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

ஃபிளின்ட் நகரத்தில் நடந்தது இன்னும் கொடியது. மாநிலம் நியமித்த அவசரகால நிர்வாகியின் ஆட்சியில், 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரத்தின் குடிநீர் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. ஈயம் கரைந்து வீட்டுக் குழாய்களில் வந்தது. 2015 மார்ச்சில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் பழைய டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-1 என்ற கணக்கில் வாக்களித்தது. நிர்வாகி அந்த வாக்கைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்று ஒதுக்கித் தள்ளினார். அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. தண்ணீர் மாறியது அந்த அக்டோபரில். இடையில் ஏழு மாதம் குழந்தைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

சில ஆயிரம் இணைப்புகள் மட்டும் உள்ள சிற்றூராக இருந்து, எல்லா மீட்டரும் ஊர் எல்லைக்குள்ளேயே இருந்தால், மன்றமே நடத்தட்டும். தனி வாரியத்துக்குத் தகுதியான ஐந்து பேரைத் தேடுவதே அங்கே பாடு. ஆண்டுக்கொரு வெளித் தணிக்கை, உபரிக்கு எழுதப்பட்ட உச்சவரம்பு, இந்த இரண்டும் இருந்தால் போதும்.

நுகர்வோரில் பெரும் பகுதி நகரத்துக்கு வெளியே இருந்தால் தயங்காமல் தொகுதிவாரித் தேர்தல் வாரியம். தேர்தலைப் பொதுத் தேர்தல் நாளிலேயே வைக்க வேண்டும். உறுப்பினருக்கு ஓரளவு ஊதியமும் தர வேண்டும். கெய்ன்ஸ்வில்லில் சட்டமன்றம் தலையிடும் முன் நகரமே இப்படி மாறியிருந்தால் அந்தப் பூசல் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நம்புகிறேன்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரும்பாலான நகரங்களுக்கு, தனி நியமன வாரியத்தின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் வெறும் நியமன வாரியம் அல்ல. எல்லா நாற்காலியையும் ஒருவரே நிரப்பக் கூடாது. ஜாக்சன்வில் அடிபட்டுக் கற்றதை மற்ற ஊர்கள் அடிபடாமலே எடுத்துக்கொள்ளலாம். தகுந்த காரணம் காட்டி உறுப்பினரை நீக்க மன்றத்துக்கு வழி வேண்டும், இல்லையேல் சான் அன்டோனியோவின் மேயரைப் போல வேண்டுகோள் விடுத்துவிட்டு நிற்க நேரும். நிறுவனத்தை விற்பதோ நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதோ மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஓரிடமாவது ஒதுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று உண்டு. பொது மேலாளருக்குக் கீழே இல்லாத, அவர் சம்பளம் நிர்ணயிக்காத, கட்டணத்தையும் பெரிய ஒப்பந்தங்களையும் இரண்டையும் பார்க்கும் தணிக்கை அலுவலகம். அதன் செலவு நிறுவனத்தின் வருவாயில் நிலையான விழுக்காடாகச் சாசனத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிடிக்காத அறிக்கை வந்த ஆண்டில் அதன் நிதியை வெட்டும் வாய்ப்பு வாரியத்துக்கும் இருக்கக் கூடாது, மன்றத்துக்கும் இருக்கக் கூடாது. அறிக்கை வாரியம் வாக்களிக்கும் முன்பே மக்கள் கைக்கு வர வேண்டும். நியமனமா தேர்தலா என்பதில் தோற்றாலும் பரவாயில்லை, இதை வென்றுவிடுங்கள் என்றுதான் இந்த விவாதத்தில் இறங்குபவர்களிடம் சொல்வேன்.

மாற்றத்தைத் தொடங்கும் முன் பழைய கடன் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது நல்லது. சான் அன்டோனியோவைப் போல நிர்வாக அமைப்பே கடன் நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால், வாக்கெடுப்பில் வென்ற பிறகும் கடனைத் தீர்க்காமலோ மாற்றி எழுதாமலோ வாரியத்தை மாற்ற முடியாது. முதல் வாரியத்தின் உறுப்பினர்களுக்கு ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று சீட்டுக் குலுக்கிப் பதவிக்காலத்தைப் பிரித்துவிட்டால், அதன்பின் ஆண்டுதோறும் ஒரு நாற்காலி மட்டும் காலியாகும்.